ஹெட்போனுக்குள் ஒரு ஸ்டூடியோ... சாத்தியமா?

இரவு மணி 11. உங்கள் படுக்கையறைதான் ஸ்டூடியோ. மூன்று வாரமாக உழைத்த பாட்டு ஒருவழியாக முடிந்தது. ஹெட்போனில் கேட்கிறீர்கள். பேஸ் அளவாக இருக்கிறது. குரல் பளிச்சென்று கேட்கிறது. நிம்மதியாகத் தூங்கப் போகிறீர்கள்.

மறுநாள் அதே பாட்டை நண்பரின் காரில் போட்டால்... பேஸ் மட்டும்தான் முழங்குகிறது. குரல் எங்கேயோ பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

என்னாச்சு?

பாட்டு ஒரே பாட்டுதான். நீங்கள் அதைக் கேட்ட இடம்தான் மாறியது. வீட்டிலிருந்து இசையமைப்பவர்கள், வலையொளி தயாரிப்பவர்கள், காணொளிக்கு ஒலி சேர்ப்பவர்கள் என்று எல்லாருக்கும் தெரிந்த தலைவலி இது.

இதற்குத் தீர்வு என்று சில மென்பொருள்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. பெரிய ஸ்டூடியோ, அதில் உள்ள ஒலிபெருக்கிகள், சுவர்களின் எதிரொலி... எல்லாவற்றையும் ஹெட்போனுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்கின்றன அவை.

அது எப்படி முடியும்? காசு கொடுத்து வாங்கலாமா? பார்ப்போம்.

ஸ்டூடியோ மானிட்டர் - அது என்ன?

நம் வீட்டு ஒலிபெருக்கிகள் பாட்டை இனிமையாகக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. கொஞ்சம் பேஸைக் கூட்டும், கொஞ்சம் பளபளப்பைச் சேர்க்கும். கேட்க சுகமாக இருக்கும்.

ஸ்டூடியோ மானிட்டரின் வேலை வேறு. பாட்டில் உள்ள குறையை மறைக்காமல் காட்டவேண்டும். நல்ல கண்ணாடி மாதிரி. முகத்தில் பரு இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இதற்கு மிகப் பிரபலமான உதாரணம், யமஹா என்எஸ்-10. வெள்ளைக் கூம்புடன் கூடிய சின்னக் கறுப்புப் பெட்டி. ஸ்டூடியோ படங்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1978இல் அது வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகத்தான் விற்பனைக்கு வந்தது. அப்போது பெரிய வரவேற்பு இல்லை. பிறகு ஒலிப்பதிவுக் கலைஞர்கள் அதை ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோனார்கள். உயர் ஒலி அதிகமாகக் குத்துகிறது என்று அதன் முன்னால் டிஷ்யூ தாளை ஒட்டி வைத்தவர்களும் உண்டு!

அதில் பேஸ் குறைவு. நடு அலைவரிசை தூக்கலாக இருக்கும். ஆனால் ஒலி நின்றதும் கூம்பும் சட்டென்று நின்றுவிடும், இழுவை இல்லை. அதனால் குரலிலோ தாளத்திலோ உள்ள குழப்பம் உடனே தெரிந்துவிடும். "என்எஸ்-10இல் நன்றாகக் கேட்டால் எங்கேயும் நன்றாகக் கேட்கும்" என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2001இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. இன்றும் பல ஸ்டூடியோக்களில் அது இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். என்எஸ்-10 உலகிலேயே துல்லியமான ஒலிபெருக்கி என்பதால் புகழ்பெறவில்லை. அதில் கேட்பது வெளியில் எப்படிக் கேட்கும் என்று கலைஞர்களுக்கு அத்துப்படியாக இருந்தது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

நல்ல மானிட்டர் வாங்கினால் போதாதா?

போதாது. ஒலிபெருக்கி பாதி, அறை பாதி.

உங்கள் அறை 3 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். வீவக வீட்டுப் படுக்கையறை ஏறத்தாழ அந்த அளவுதான். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகும். எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களுக்கு இடையே அது மோதித் திரும்பும்போது, 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள ஒலி அறைக்குள் சிக்கிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் அடியும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

சுவர் ஓரமாக நின்றால் அந்த பேஸ் பெரிதாகக் கேட்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய காணாமல் போய்விடும்! நடுவில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? "பேஸ் பத்தவில்லையே" என்று இன்னும் கூட்டுவார். பாட்டு வெளியே போனதும் பேஸ் வெளுத்து வாங்கும்.

சரி, சுவரில் ஃபோம் ஒட்டினால்?

57 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் 6 மீட்டர். அதை 5 சென்டிமீட்டர் ஃபோமால் பிடிக்க முடியாது. முட்டை அட்டையாலும் முடியாது. இரண்டும் உயர் ஒலியைத்தான் ஓரளவு அடக்கும். பேஸை அடக்க ஆழமான உறிஞ்சிகள் வேண்டும். சின்ன அறையில் அவற்றுக்கு இடம் கிடையாது. வாடகை வீடாக இருந்தால் சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கவேண்டும்.

மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடு... அவர்களையும் மறந்துவிட முடியாது. காலையில் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு உங்கள் கிக் டிரம் தேவையில்லை.

அதனால் நம்மில் பலருக்கு ஹெட்போன்தான் கதி.

ஹெட்போனில் என்ன பிரச்சினை?

ஹெட்போனில் அறையே இல்லை. அது வசதிதான். ஆனால் புதிதாக இரண்டு சிக்கல் வருகிறது.

ஒன்று, காதுகள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்க ஒலி இடக்காதில் மட்டும் விழுவதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக, வலக்காதுக்கும் போகிறது. ஹெட்போனில் அது நடப்பதில்லை. ஒரு பக்கம் வைத்த கிட்டார் ஒரே காதுக்குள் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இரண்டு, பாட்டு தலைக்குள் கேட்கும். முன்னால் ஒருவர் நின்று பாடுவதுபோல் இருக்காது. நெற்றிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும்.

இதனால் நம் கணக்கு தப்பிவிடுகிறது. ஹெட்போனில் நடுவில் உள்ள குரல் அறையின் குறுக்கீடு இல்லாமல் தெளிவாகக் கேட்கும். "போதும்" என்று அதன் அளவைக் குறைத்து விட்டுவிடுவோம்.

நானே பட்டிருக்கிறேன். ஒருமுறை வலையொளி ஒன்றை வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு எடிட் செய்தேன். பின்னணி இசை மெல்லிய திரை மாதிரி அழகாக இருந்தது. மறுநாள் காரில் கேட்டால், பேசியவர் இசைக்குள் மூழ்கிக் கொண்டிருந்தார். ஒலியேற்ற இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அப்போது ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும்!

காதுக்கு எப்படித் திசை தெரிகிறது?

ஹெட்போனில் ஸ்டூடியோவைப் போலி செய்ய வேண்டுமென்றால், முதலில் மூளை திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரியவேண்டும். மூளை மூன்று தடயங்களைப் பார்க்கிறது.

நேரம்: ஒலி நேர் வலப்பக்கத்திலிருந்து வந்தால் வலக்காதுக்கு முதலில் போகும். இடக்காதுக்குச் சுமார் 0.65 மில்லி விநாடி கழித்துப் போகும். ஸ்டூடியோ ஒலிபெருக்கிகளைப்போல் 30 பாகை கோணத்தில் இருந்தால் அந்தத் தாமதம் ஏறக்குறைய கால் மில்லி விநாடி. அவ்வளவு சின்ன வித்தியாசத்தையும் மூளை கவனிக்கிறது.

அளவு: உயர் ஒலியைத் தலை மறைத்துவிடும். அந்தப் பக்கக் காதில் நிழல் விழும். தாழ்ந்த ஒலி தலையை வளைத்துக்கொண்டு போய்விடும்.

காது மடல்: மடலில் உள்ள மேடு பள்ளங்கள் ஒலியை மெல்ல மாற்றுகின்றன. மேலிருந்து வரும் ஒலிக்கு ஒரு மாற்றம், முன்னாலிருந்து வருவதற்கு வேறொரு மாற்றம். மேலா கீழா, முன்னா பின்னா என்று மூளை சொல்வதற்கு இது முக்கியம்.

முதல் இரண்டு தடயங்களையும் சேர்த்து விளக்கியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் லார்ட் ரேலி. ஆண்டு 1907. அப்போது ஸ்டீரியோவே வரவில்லை!

மென்பொருள் என்ன செய்கிறது?

மூளை தேடும் அந்தத் தடயங்களைச் செயற்கையாக உருவாக்கிக் கொடுக்கிறது. வேலை படிப்படியாக நடக்கும்.

முதல் படி: ஹெட்போனைச் சமப்படுத்துவது. ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் பேஸ் அதிகம், இன்னொன்றில் உயர் ஒலி குத்தும். அந்த மாடலை அளந்து, அதன் கூடுதல் குறைவை எதிர்த் திசையில் சரிசெய்வார்கள். சோனார்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்களின் மென்பொருள் இதைத்தான் செய்கிறது.

இரண்டாம் படி: காதுகளை இணைப்பது. இடப்பக்க ஒலியில் கொஞ்சத்தை எடுத்து, சற்றுத் தாமதப்படுத்தி, உயர் ஒலியைக் குறைத்து வலக்காதுக்கும் அனுப்புவார்கள். வலத்திலிருந்து இடத்துக்கும் அப்படியே. இதற்குப் பெயர் கிராஸ்ஃபீட். புதுசு என்று நினைக்காதீர்கள். பெஞ்சமின் பாவர் என்ற பொறியாளர் 1961ஆம் ஆண்டிலேயே இதற்கான மின்சுற்றை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

மூன்றாம் படி: தலையையும் காது மடலையும் சேர்ப்பது. மனிதத் தலை வடிவத்தில் ஒரு பொம்மை செய்து, காதுக்குள் மைக் வைப்பார்கள். சுற்றிலும் பல கோணங்களில் ஒலி எழுப்பிப் பதிவு செய்வார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1994இல் அப்படி ஒரு பொம்மையைச் சுற்றி 710 இடங்களிலிருந்து அளந்தார்கள். அந்தத் தரவு இலவசமாக வெளியிடப்பட்டது.

நான்காம் படி: அறையைச் சேர்ப்பது. இதுதான் சுவாரஸ்யம்.

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தூண், சுவர், கூரை என்று எல்லாம் பதில் சொல்லும். அந்த எதிரொலியைப் பதிவு செய்தால், அந்த இடத்தின் கைரேகை கிடைத்த மாதிரி. ஸ்டூடியோவிலும் அப்படித்தான். கைதட்டலுக்குப் பதிலாக, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை மெல்ல ஏறும் ஒரு சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டு அளப்பார்கள்.

பிறகு? உங்கள் பாட்டு கணினியில் விநாடிக்கு 44,100 அல்லது 48,000 துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒரு குட்டிக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு, அதற்கு அந்த அறை என்ன பதில் சொல்லியிருக்கும் என்று மென்பொருள் கணக்கிடும். எல்லாப் பதில்களையும் கூட்டினால், உங்கள் பாட்டு அந்த அறையில் ஒலித்த மாதிரி கேட்கும்.

ஐந்தாம் படி: தலை அசைவு. நிஜ அறையில் தலையைத் திருப்பினால் ஒலிபெருக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். ஹெட்போனில் அதுவும் கூடவே திரும்பிவிடும். மூளை உடனே "இது பொய்" என்று கண்டுபிடித்துவிடும். அதனால் சில மென்பொருள்கள் கேமரா அல்லது உணர்கருவி மூலம் தலை அசைவைக் கண்காணித்து ஒலியை மாற்றுகின்றன. முன்னால் கேட்கவேண்டியது பின்னால் கேட்கும் குழப்பமும் இதனால் குறையும்.

யாரெல்லாம் செய்கிறார்கள்?

வேவ்ஸ் நிறுவனம் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவின் மூன்றாம் அறையை மென்பொருளாக்கியது. ஸ்டீவன் ஸ்லேட்டின் விஎஸ்எக்ஸ், ஹெட்போனும் மென்பொருளும் சேர்ந்த தொகுப்பு. ஸ்டூடியோ மட்டுமின்றி, கார், கிளப் போன்ற இடங்களின் ஒலியையும் அது போலி செய்கிறது.

சோனி 2023இல் அறிமுகப்படுத்திய முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒலிக் கலைஞரின் சொந்தக் காதுக்குள்ளேயே சின்ன மைக் வைத்து, நிஜ ஸ்டூடியோவில் அளக்கிறார்கள். அந்தத் தரவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டில் வேலை செய்யலாம்.

உங்கள் கையிலும் இதன் தம்பி இருக்கலாம். ஏர்பாட்ஸில் தலையைத் திருப்பினாலும் படத்தின் வசனம் திரைப் பக்கமே நிற்கிறதே... அதுவும் இதே சூத்திரம்தான்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்குமா?

கேட்காது. இதை விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பொம்மைத் தலையின் காது உங்கள் காது இல்லை. ஒவ்வொருவரின் மடலும் வேறு மாதிரி. சிலருக்கு மென்பொருளைப் போட்டதும் ஒலி சட்டென்று தலைக்கு வெளியே போய்விடும். சிலருக்குக் குளியலறையில் கேட்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உங்கள் நண்பர் "ஆஹா" என்றால் நீங்களும் "ஆஹா" என்று சொல்வீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி. மூளை கற்றுக்கொள்ளும்.

1998இல் நெதர்லந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 4 பேரின் காது மடலுக்குள் அச்சு பொருத்தி, மடலின் வடிவத்தையே மாற்றினார்கள். முதலில் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சில வாரங்களில் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. அச்சைக் கழற்றியதும் பழைய காதும் உடனே சரியாகவே வேலை செய்தது! மூளை புதுக் காதைக் கற்றது, பழையதை மறக்கவில்லை.

அதனால் புது மென்பொருளை ஒரு நாள் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம். கொஞ்ச நாள் பழகிப் பாருங்கள்.

எது முடியாது?

பேஸை உடம்பில் உணர முடியாது. பெரிய ஒலிபெருக்கியின் அதிர்வு நெஞ்சில் இறங்கும். ஹெட்போன் காதோடு நின்றுவிடும். அந்த அதிர்வுக்காக பேஸைக் கூட்டிக்கொண்டே போனால், தொடக்கத்தில் பார்த்த கார் கதைதான்.

ஹெட்போன் உட்காரும் விதமும் முக்கியம். மூக்குக் கண்ணாடியின் காம்பு, அடர்ந்த முடி, பழுதான காதுமெத்தை... இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். மென்பொருளுக்கு அது தெரியாது.

மலிவான ஹெட்போனில் உடைந்து ஒலிக்கும் பேஸை எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது.

வாங்குவதற்கு முன்... வாங்கிய பின்...

- முதலில் இலவசமாகச் சோதியுங்கள். கிராஸ்ஃபீட், ஹெட்போன் சமப்படுத்தும் வசதி இரண்டுக்கும் காசில்லாத மென்பொருள்கள் இருக்கின்றன. கட்டண மென்பொருள்களிலும் சோதனைக் காலம் உள்ளதா என்று பாருங்கள்.

- உங்கள் ஹெட்போன் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் படியே தப்பிவிடும்.

- நன்றாகத் தெரிந்த 5 பாடல்களை அதில் கேளுங்கள். சின்ன வயதிலிருந்து காரிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்ட பாடல்களாக இருந்தால் இன்னும் நல்லது. அவைதான் உங்கள் அளவுகோல்.

- ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே வேலை செய்யுங்கள். மற்ற அறைகள் கடைசியில் சரிபார்க்க மட்டும். பத்து அறைக்கு மாறி மாறிப் போனால் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது.

- பாட்டைக் கோப்பாக வெளியேற்றும் முன் மென்பொருளை அணைத்துவிடுங்கள்! நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மறந்தால் அந்தப் போலி அறை உங்கள் பாட்டுக்குள்ளேயே பதிவாகிவிடும். கேட்பவர் அறைக்குள் இன்னோர் அறையைக் கேட்பார்.

- கடைசிச் சோதனை நிஜ உலகில்தான். கைபேசி, கார், வீட்டுத் தொலைக்காட்சி. மூன்றிலும் குரல் கேட்கிறதா?

- சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்குப் போனால் அந்த நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காது போனால் எந்த ஸ்டூடியோவும் உதவாது.

ஆக, வாங்கலாமா?

ஹெட்போனில் மட்டும் வேலை செய்பவராக இருந்தால், உதவும். முக்கியமாக, குரலை எவ்வளவு வைப்பது, கிட்டாரை எவ்வளவு தள்ளி வைப்பது என்ற தடுமாற்றம் குறையும். அபே ரோட்டில் உட்கார்ந்திருக்கும் உணர்வு கிடைக்குமா என்பது உங்கள் காதைப் பொறுத்தது. கிடைக்காவிட்டாலும் காசு வீண் என்று அர்த்தமில்லை.

என்எஸ்-10 கதையை நினைத்துப் பாருங்கள். பேஸ் குறைந்த அந்தச் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் உலகமே கேட்ட பாடல்களை உருவாக்கினார்கள். அந்தப் பெட்டி எங்கே பொய் சொல்லும், எவ்வளவு பொய் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் ஹெட்போனும் பொய் சொல்லும். மென்பொருள் போட்டால் பொய் குறையும், முழுதாகப் போகாது. மீதிப் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான். அதற்கு ஒரே வழி, தினமும் கேட்பது.

இன்றிரவு புதுப் பாட்டில் கைவைப்பதற்கு முன், தெரிந்த பாட்டு ஒன்றை முழுசாகப் போட்டுக் கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தூங்கட்டும்.